மூன்று பேர் சேர்ந்து பர்ஸ், பெல்ட் செய்து விற்கப் போகிறோம் (ஆம்பூர் பக்கம்): பங்கு எப்படிப் பிரிப்பது?

ஊசிநூல்:
வணக்கம். ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் ஸ்டிச்சிங்கில் (ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது) பல வருஷம் இருந்தேன். குழந்தை பிறந்த பிறகு நின்றுவிட்டேன், விடியற்காலை கம்பெனி பஸ்ஸைக் கைக்குழந்தையோடு பிடிக்க முடியாது, வேறு காரணம் ஒன்றும் இல்லை. வந்த பி.எஃப். பணத்தில் ஒரு செகண்ட் ஹேண்ட் தோல் தையல் மெஷின் வாங்கி வீட்டில் போட்டிருக்கிறேன். எங்கள் தெருவிலேயே ஒரு அண்ணன், கட்டிங்கில் இருந்தவர், தோலைக் கையால் தடவிப் பார்த்தே எந்தப் பக்கம் இழுக்கும், எந்த இடம் கழிவில் போகும் என்று சொல்லிவிடுவார். மூன்றாவது ஆள் என் பெரியம்மா மகள், எனக்குத் தங்கை முறை, பி.காம். முடித்துவிட்டு குடியாத்தத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள். போட்டோ எடுப்பது, வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், பார்சல் கட்டுவது, கணக்கு எழுதுவது எல்லாம் அவள் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். சேர்த்து வைத்த நாற்பதாயிரம் ரூபாயும் போடுகிறாள்.

செய்யப்போவது பர்ஸ், பெல்ட், சின்ன ஸ்லிங் பேக். செருப்பு, ஷூ பக்கம் இப்போது போகவில்லை, லாஸ்ட் (கால் வடிவ அச்சு), சோல் ஒட்டுகிற பிரஸ் என்று அதற்குத் தனி முதலீடு வேண்டும். தெரிந்தவர்களுக்குச் செய்து கொடுத்தோம், நன்றாகப் போனது.

பிரச்சினை பங்கில்தான். அண்ணன் மூன்று சம பங்கு என்கிறார். தங்கை, பணம் போட்டவள் நான், எனக்குக் கொஞ்சம் கூட வேண்டாமா என்று கேட்கிறாள். மெஷின் என்னுடையது, அதிக நேரம் உட்காருவதும் நான்தான், அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் மாமியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார், கூட்டு வைத்தால் உறவு போகும் என்று. இங்கே யாராவது இப்படிச் சேர்ந்து செய்திருக்கிறீர்களா?

மக்கன்பேடா:
சமமாகப் பிரித்துக்கொண்டு வேலையைப் பாருங்கள் அக்கா. ஒரு பர்ஸ்கூட ஒழுங்காக விற்காத நேரத்தில் பைசா கணக்கில் இறங்கினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

கோட்டை அகழி:
மேலே சொன்ன நண்பர் மாதிரி விட்டுவிட்டால் சட்டம் என்ன செய்யும் என்று சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்கள். இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932. வாய்ப்பேச்சிலேயே கூட்டு உண்டாகிவிடும், பத்திரம் கட்டாயம் இல்லை. ஆனால் வேறு ஒப்பந்தம் இல்லை என்றால் லாபமும் நஷ்டமும் சம பங்கு, யார் எவ்வளவு முதல் போட்டார் என்று பார்க்காது. பங்குதாரர் வேலை செய்ததற்குச் சம்பளம் கேட்க முடியாது. பங்கு முதலுக்கு மேல் கைப்பணத்தைக் கடனாகக் கொடுத்தால் மட்டும் வருஷத்துக்கு 6 சதவீதம் வட்டி. அதாவது நீங்கள் நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்தாலும், உங்கள் தங்கை நாற்பதாயிரம் போட்டாலும், எழுதி வைக்காத வரை மூவரும் ஒன்று.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. தொழிலுக்காக ஒருவர் வாங்கும் கடனுக்கு மூவரும் பொறுப்பு, சொந்தச் சொத்து வரைக்கும். தங்கை கடை பெயரில் தோலைக் கடனுக்கு எடுத்து வந்து பணம் நின்றுபோனால், தோல்காரர் உங்கள் மூவரில் யார் வீட்டு வாசலில் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம்.

பத்திரம் எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் ஃபர்மைப் பதிவும் செய்துவிடுங்கள். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் பதியாத ஃபர்ம், வெளி ஆள் பாக்கி வைத்தால் ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது, பிரிவு 69. மூன்று பேரில் ஒருவர் இறந்துபோனால் கூட்டு தானாகக் கலைந்துவிடும், கலையக் கூடாது என்றால் அதையும் பத்திரத்தில் எழுத வேண்டும். இதையெல்லாம் இப்போது பேசுவது அபசகுனம் என்று வீட்டில் சொல்வார்கள், சொல்லட்டும்.

முள்கத்தரி:
சட்டம் சரி. ஆனால் பத்திரத்தில் என்ன எழுதுவது என்பதுதான் ஊசிநூல் அக்காவின் கேள்வி. பங்கு என்ற ஒரே சொல்லுக்குள் நாலு விஷயத்தைப் போட்டுக் கலக்குகிறீர்கள், அதனால்தான் மூன்று பேர் சொல்வதும் ஒரே நேரத்தில் நியாயமாகப் படுகிறது. வேலைக்குக் கூலி, மெஷினுக்கு வாடகை, பணத்துக்கு வட்டி. இந்த மூன்றையும் முதலில் எடுத்து வையுங்கள். அதற்கு மேல் நிற்பதுதான் லாபம், அதை அண்ணன் சொல்கிற மாதிரி மூன்று சமமாகவே பிரிக்கலாம், யாருக்கும் உறுத்தாது.

உதாரணத்துக்கு ஒரு பர்ஸ் 550 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்கள் எல்லாம் நான் போட்டுக்கொண்டவை, உங்கள் விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். தோல் 100. லைனிங், நூல், பசை, டப்பா சேர்த்து 60. கட்டிங் கூலி 15. பேஸ்டிங், ஃபோல்டிங், தையல் சேர்த்து 70. மெஷின் வாடகை 15. விற்றுக் கொடுப்பவருக்கு பத்து சதவீதம், 55. நாற்பதாயிரத்துக்கு மாதம் ஒரு வட்டி என்றால் 400 ரூபாய், மாதம் எண்பது பர்ஸ் போனால் ஒன்றுக்கு 5 ரூபாய் விழுகிறது. கூட்டினால் 320. மிச்சம் 230. அதில் பாதியைத் தொழிலிலேயே விடுங்கள், அடுத்த தோல் வாங்க, கெட்டுப்போன பீஸுக்கு, மெஷின் ரிப்பேருக்கு. மீதி 115-ஐ மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 38 ரூபாய் சொச்சம்.

இதில் என்ன நன்மை என்றால், நாளைக்குத் தங்கைக்குக் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாலும் சண்டை இல்லை. விற்பனைக் கமிஷன் நின்றுவிடும், பணம் உள்ளே இருக்கிற வரை வட்டி மட்டும் போய்க்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் பங்கு என்று வைத்திருந்தால் அன்றைக்குத்தான் பஞ்சாயத்து ஆரம்பிக்கும்.

மக்கன்பேடா:
கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் முதல் ஆறு மாசம் எண்பது பர்ஸ் போகாது. பெட்டியில் காசே இல்லாமல் கூலி, வாடகை, வட்டி எல்லாம் யார் கொடுப்பது? கம்பெனி வேலை வேண்டாம் என்று வந்தவர்கள் வீட்டிலேயே ஒரு கம்பெனியை வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள்.

முள்கத்தரி:
கையில் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நோட்டில் எழுதுங்கள். இந்த மாசம் ஊசிநூல் அக்காவுக்குக் கூலி இவ்வளவு பாக்கி, அண்ணனுக்கு இவ்வளவு பாக்கி. பணம் வரும்போது பாக்கி முதலில் கழியட்டும், அதற்கு மேல் நின்றால் லாபம். நோட்டில் எழுதாமல் விட்ட உழைப்பை ஆறு மாசம் கழித்து ஒவ்வொருவரும் மனசில் ஒரு தொகையாக வைத்திருப்பார்கள், மூன்று தொகையும் ஒத்துப்போகாது.

இன்னொரு லாபமும் உண்டு. கூலியைச் சேர்க்காமல் விலை வைத்தால் 300-க்கு விற்றால்கூட லாபம் போலத் தெரியும். வீட்டில் உட்கார்ந்து செய்கிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் விலை வைக்கிறார்கள், இட்லி மாவு விற்கிறவர் முதல் பிளவுஸ் தைக்கிறவர் வரை.

தறிச்சத்தம்:
குடியாத்தத்தில் இருந்து எழுதுகிறேன், கைத்தறி லுங்கி குடும்பம். முள்கத்தரி சொல்வதைப் பாதிதான் ஒத்துக்கொள்வேன். எங்கள் தெருவில் பாவு நூலை (தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்) நீட்டிக் கஞ்சி போடும்போது நாலைந்து வீட்டு ஆட்கள் வந்து நிற்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும், ஒரு வீட்டு ஆளால் ஆகாது. அதற்குக் கூலி கிடையாது. நாளைக்கு அவர்கள் பாவுக்கு நாம் போய் நிற்க வேண்டும், அதுதான் முறை. அதில் யாராவது நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் அடுத்த வாரம் ஒருத்தரும் வந்திருக்க மாட்டார்கள். எல்லா உழைப்பையும் எழுதக் கூடாது. பார்சல் கட்டும்போது அண்ணன் வந்து கை கொடுத்தார் என்றால் அதையுமா எழுதுவது?

முள்கத்தரி:
பார்சலை எழுத வேண்டாம். ஆனால் அண்ணே, உங்கள் தெருவில் எல்லோரும் நெசவாளி, எல்லோருக்கும் பாவு உண்டு, இன்றைக்குச் செய்தது நாளைக்குத் திரும்பி வந்துவிடும். இங்கே மூன்று பேருக்கும் மூன்று வேலை. அக்கா தைப்பதற்குப் பதிலாக அண்ணன் போய்த் தைக்க முடியாது. திரும்பி வராத உழைப்பைத்தான் எழுதச் சொல்கிறேன்.

தறிச்சத்தம்:
அதுவும் சரிதான்.

கைலாசகிரி:
கூட்டாகச் செய்வது நம்ம பக்கத்துக்குப் புதுசு மாதிரி பேசுகிறோம். வாணியம்பாடியில் வானிடெக், ராணிப்பேட்டையில் ராணிடெக் எல்லாம் என்ன? தனியாக ஒரு சின்ன டேனரியால் (தோல் பதனிடும் ஆலை) கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது, அதனால் பல டேனரிகள் சேர்ந்து பொது நிலையம் வைத்துக்கொண்டார்கள். விற்பனையில் ஒருவருக்கொருவர் போட்டிக்காரர்கள், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பங்காளிகள். நீங்களும் மூன்று பேரும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை. உங்களிடம் தோல் ஓரத்தைச் சீவி மெலிதாக்குகிற ஸ்கைவிங் மெஷின் இருக்கிற மாதிரி தெரியவில்லை. பர்ஸுக்கு மடிக்கிற ஓரத்தைச் சீவாமல் செய்தால் தடித்து நிற்கும். அதற்காகப் புது மெஷின் வாங்காதீர்கள், ஆம்பூரிலும் பேர்ணாம்பட்டிலும் ஜாப் ஒர்க்காகச் சீவிக் கொடுக்க ஆள் கிடைக்கும். உங்கள் மாதிரி வீட்டில் செய்கிற நாலு பேர் சேர்ந்தால் அப்புறம் ஒன்று பொதுவில் வாங்கலாம்.

பாலாற்றங்கரை:
சேர்ந்து சுத்திகரித்த லட்சணத்தைப் பாலாற்றில் இறங்கிப் பார்த்தால் தெரியும். வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட டேனரிக் கழிவுநீர் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கழுத்தைப் பிடித்த பிறகுதான் பல பேருக்குக் கூட்டு முயற்சியின் அருமை தெரிந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் இன்னும் உப்பு.

கைலாசகிரி:
மறுக்கவில்லை பாய். பொதுவில் வாங்குகிற யோசனைக்காகச் சொன்னேன், நற்சான்றிதழ் கொடுக்கவில்லை.

ஊசிநூல்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி முள்கத்தரி கணக்கைத் தங்கையோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். ஒரு பர்ஸுக்கு எனக்குத் தையல் 70, மெஷின் 15, பங்கு 38, மொத்தம் 123. தங்கைக்கு 98. அண்ணனுக்கு 53. இதை அவரிடம் எப்படிக் காட்டுவது? அவர் வெட்டுகிற நேரம் குறைவுதான், நான் முக்கால் மணி நேரம் உட்காருவதை அவர் சில நிமிஷத்தில் முடித்துவிடுவார். மணிக்கணக்கில் பார்த்தால் அவருக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் மற்றவர் வெட்டினால் நாலு பர்ஸ் வருகிற தோலில் அவர் ஐந்து எடுக்கிறார். அந்தச் சாமர்த்தியம் 15 ரூபாய்க்குள் எங்கே இருக்கிறது?

இன்னொன்று. அவர் என்னிடம் நேராகச் சொல்லவில்லை, அண்ணியிடம் சொன்னாராம், "கட்டிங்கை அதுங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் அப்புறம் நான் எதுக்கு" என்று.

முள்கத்தரி:
நல்ல கேள்வி, என் கணக்கில் அது விடுபட்டிருக்கிறது. கம்பெனியில் நார்ம்ஸ் போடுவார்களே, ஒரு ஜோடிக்கு இத்தனை சதுர அடி என்று, அதையே இங்கே வையுங்கள். ஒரு பர்ஸுக்கு ஒன்றேகால் சதுர அடி என்று மூவரும் ஒத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைவாக அவர் எடுத்தால் மிச்சமான தோலின் மதிப்பில் பாதி அவருக்கு, பாதி பெட்டிக்கு. நாலு வருகிற ஐந்து அடியில் ஐந்து பர்ஸ் எடுத்தால் ஒன்றேகால் அடி மிச்சம், நான் முன்பு போட்ட தோல் விலையில் 100 ரூபாய், அவருக்கு 50. ஐந்து பர்ஸுக்குப் பிரித்தால் ஒன்றுக்குப் பத்து ரூபாய் ஏறுகிறது. தழும்பு, உண்ணிக்கடி உள்ள மட்டமான தோலுக்கு வேறு நார்ம்ஸ் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் மேல் தப்பாக விழும். கழித்ததையும் தூக்கிப் போடாதீர்கள், கீ செயின், பெல்ட் லூப்புக்கு ஆகும்.

காட்பாடி ஜங்ஷன்:
விற்பனைக் கமிஷன் பற்றி ஒரு எச்சரிக்கை. விற்ற தொகைக்குக் கமிஷன் கொடுக்காதீர்கள், கைக்கு வந்த தொகைக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் தங்கை கடைகளுக்குக் கடனில் சரக்கைத் தள்ளிவிட்டுக் கமிஷன் கேட்பாள், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கணக்கு அப்படித் தூண்டும். தள்ளுபடி எவ்வளவு வரை அவளே கொடுக்கலாம், எதற்கு மேல் மற்ற இருவரையும் கேட்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

எங்கே விற்பது என்று யாரும் பேசவில்லை. வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிற வங்காளம், வடகிழக்குக் குடும்பங்கள் காந்தி ரோடு பக்க லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். ஊருக்குப் போகும்போது எதையாவது வாங்கிக்கொண்டு போகிறவர்கள். அங்கே ஒரு கடையில் கொஞ்சம் சரக்கு வைக்க முடிந்தால் பாருங்கள். வி.ஐ.டி. பல்கலைக்கழகம் பக்கம் பிள்ளைகள் பெயர் பொறித்த பர்ஸ் கேட்பார்கள், அதற்கு விலையும் கூடக் கொடுப்பார்கள்.

ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. சரக்கு விற்பனைக்கு வருஷம் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது மாநிலத்துக்குள் விற்கும் வரைதான். கொல்கத்தாவுக்கு ஒரு பெல்ட் கூரியர் போட்டால் அது மாநிலம் தாண்டிய விற்பனை, அங்கே எவ்வளவு சின்னத் தொகையானாலும் பதிவு வேண்டும். கைவினைப் பொருள் என்று அறிவித்த சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு, உங்கள் பொருள் அதில் வருகிறதா என்று ஆடிட்டரைக் கேட்டுவிட்டு இன்ஸ்டாகிராமில் "இந்தியா முழுவதும் அனுப்புகிறோம்" என்று போடுங்கள்.

கோட்டை அகழி:
கூடவே உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. இலவசம், ஆதார், பான் இருந்தால் ஆன்லைனில் முடிந்துவிடும், பணம் கேட்கிற தனியார் தளங்களில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். அந்தப் பதிவு இருந்தால் 2006-ம் வருஷத்து எம்எஸ்எம்இ சட்டப்படி கடைக்காரர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, கூட்டு வட்டி.

காட்பாடி ஜங்ஷன்:
சார், புகார் போடலாம். போட்ட பிறகு அந்தக் கடை மட்டுமல்ல, பக்கத்துக் கடையும் வாங்காது. ஒரு கடைக்காரர் என்னிடம் 90 நாள் இழுத்தார், வட்டி கேட்கவில்லை, சரக்கை நிறுத்தினேன், அடுத்த வாரம் பாதி வந்தது. சின்ன ஆட்களுக்கு அதுதான் கைவசம் உள்ள ஆயுதம்.

தறிச்சத்தம்:
அண்ணனுடைய பயத்தை யாரும் தொடவில்லையே. தொழில் தெரிந்தவன் சொல்லிக் கொடுத்தால் நம்மைக் கழற்றிவிடுவார்கள் என்று நினைப்பது சும்மா இல்லை, கம்பெனியில் அப்படி நடந்ததைப் பார்த்திருப்பார். ஆனால் அவருக்குக் காய்ச்சல் வந்தால் தோல் வெட்ட ஆள் இல்லை, உங்களுக்குக் கையில் சுளுக்கு வந்தால் தைக்க ஆள் இல்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் ஓரளவு தெரியும், அதனால்தான் தறி நிற்காது. ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும். அவர் சொல்லிக் கொடுத்த பிறகு யார் வெட்டினாலும் ஒரு பீஸுக்கு இவ்வளவு அவருக்கு என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். நீங்களும் அவர் வீட்டு அக்காவுக்குத் தையல் சொல்லிக் கொடுங்கள், ஒரு பக்கம் மட்டும் திறந்து காட்டச் சொன்னால் யாருக்கும் மனசு வராது.

மக்கன்பேடா:
இதுதான் இந்த இழையிலேயே உருப்படியான பேச்சு.

முள்கத்தரி:
கணக்குப் போட்டவனுக்கு ஒரு டீயாவது சொல்லுங்கள் தம்பி.

கோட்டை அகழி:
கடன் யோசனை இருந்தால் ஒன்று. பி.எம்.இ.ஜி.பி. (மத்திய அரசின் மானியக் கடன்) மாதிரித் திட்டத்துக்கு மாவட்ட தொழில் மையத்தில் கேட்பீர்கள். கடன் பெரும்பாலும் தனி ஆள் பெயரில் வரும், ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். மெஷின் அவர் பெயரில், தவணை அவர் தலையில், உழைப்பு மூன்று பேருடையது. அப்படி வாங்கினால் வாடகை 15 ரூபாய் போதாது, தவணையைக் கணக்கில் வைத்து ஏற்றுங்கள். சீட்டு எடுத்து முதல் போடுவதாக இருந்தால் பதிவு செய்த சீட்டாக இருக்கட்டும்.

ஊசிநூல்:
ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தோம், மாமியாரும் வந்து ஓரமாக உட்கார்ந்துகொண்டார். முடிவானதைச் சொல்கிறேன். கூலி, வாடகை, வட்டி தனி, மிச்சம் மூன்று சமம். கமிஷன் பணம் கைக்கு வந்த பிறகுதான், தங்கை முகத்தைத் தூக்கிக்கொண்டாள், அப்புறம் சரி என்றாள். மிச்சத் தோலில் பாதி என்றதும் அண்ணன் சிரித்துவிட்டு, நார்ம்ஸ் எப்போதும் ஒன்றேகால் என்று வேண்டாம், அப்படி வைத்தால் மிச்சம் கூட வருவதற்காக நான் விலை கூடின நல்ல தோலையே வாங்கச் சொல்வேன் என்று நீங்களே சந்தேகப்படுவீர்கள், தோல் வந்த பிறகு லாட்டுக்கு லாட் பேசி வைப்போம் என்றார். அதுவே சரியாகப் பட்டது. அண்ணி அடுத்த வாரத்தில் இருந்து மத்தியானம் வந்து பேஸ்டிங் கற்றுக்கொள்கிறார்கள். கட்டிங் சொல்லிக் கொடுப்பதற்கு மட்டும் அவர் பிடி கொடுக்கவில்லை, பார்க்கலாம் என்கிறார். வற்புறுத்தவில்லை. பத்திரம் எழுத வேலூருக்கு எப்போது போவது என்பதும் இன்னும் முடிவாகவில்லை, ஆளுக்கொரு நாள் சொல்கிறோம்.

கோட்டை அகழி:
பத்திரத்தில் கடைப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று ஒரு வரி சேருங்கள். இன்ஸ்டாகிராம் கணக்கு தங்கை போன் எண்ணில் இருக்கும், பிரிந்தால் வாடிக்கையாளர் எல்லாம் அதோடு போய்விடுவார்கள்.

ஊசிநூல்:
அது தோன்றவே இல்லை சார். சேர்த்துவிடுகிறேன்.

மக்கன்பேடா:
நான் இன்னும் சம பங்குக் கட்சிதான். இருக்கட்டும், கறுப்பு பெல்ட் ஒன்று வேண்டும், 38 சைஸ். என்ன விலை?

ஊசிநூல்:
38 என்பது பேன்ட் சைஸா, பெல்ட் சைஸா? இப்போது போட்டிருக்கிற பெல்ட்டைக் கழற்றி, பக்கிள் ஆரம்பிக்கிற இடத்தில் இருந்து நீங்கள் மாட்டுகிற துளை வரை அளந்து சொல்லுங்கள் தம்பி, அப்புறம் விலை சொல்கிறேன்.